ஏட்டுக்கணினியும் ஆடுகணினியும்: கடை அலமாரியில் ஒட்டிப் பார்த்த பிறகு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தேவகோட்டை ஆசிரியர் ஐயா தொடங்கிவைத்த இந்த இழையில் எல்லோரும் எழுதியதை முதல் நாளே வாசித்துவிட்டேன். எடை குறைந்த மெல்லிய மடிக்கணினியான அல்ட்ராபோர்ட்டபிள் நோட்புக், விளையாட்டுக்கென்று வரும் கச்சிதமான மடிக்கணினியான காம்பாக்ட் கேமிங் லேப்டாப் என்ற இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்வது என்பது ஐயாவின் கேள்வி. உடனே பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. காரைக்குடியில் கணினி விற்றும் பழுது பார்த்தும் பிழைப்பவன் நான். ஒரு சொல் நிற்குமா என்பதை என் கடைக்கு வருகிறவர்கள் வாயில்தான் பார்க்க முடியும். அதனால் நீங்கள் சொன்ன சொற்களில் சிலவற்றை அட்டையில் எழுதி அலமாரியில் ஒட்டி, இரண்டு வாரம் காத்திருந்தேன்.

முதலில் இந்தச் சொற்கள் எனக்கு ஏன் தேவைப்படுகின்றன என்று சொல்கிறேன். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி பேரனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் திருச்சியில் கட்டடக்கலை படிக்கப் போகிறான். இரண்டு மடிக்கணினிகளை எடுத்து வைத்தேன். இரண்டுக்கும் 14 அங்குலத் திரை, இரண்டும் கறுப்பு, மூடி வைத்தால் அக்காள் தங்கை போல இருக்கும். "ஒரே அளவுதானே தம்பி, ஏன் இரண்டு பேர் சொல்கிறீர்கள்?" என்றார் ஆச்சி. நான் கேமிங் என்றேன், அல்ட்ராபோர்ட்டபிள் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெளியவில்லை. பேரன் தலையாட்டினான், அவனுக்கும் முழுதாகப் புரிந்தது என்று நான் நினைக்கவில்லை.

பிறகு இரண்டையும் கவிழ்த்துக் காட்டினேன். மெல்லியதான அல்ட்ராபோர்ட்டபிளின் அடியில் சின்னதாக ஒரு துளை வரிசை. மற்றதான கேமிங் கணினியின் அடிப்பாகம் பாதிக்கும் மேல் சல்லடை. பின்புறத்திலும் பக்கத்திலும் காற்று வெளியேற வாய்கள். ஆச்சி இரண்டையும் இரு கைகளில் ஏந்திப் பார்த்தார். ஒன்று 1.2 கிலோ, மற்றது 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. "பெரிய வித்தியாசம் இல்லையே" என்றார். அடுத்து மின்னேற்றிகளை எடுத்து வைத்தேன். மெல்லியதற்கு உள்ளங்கையில் அடங்கும் 65 வாட் கட்டி. மற்றதற்குச் செங்கல் போன்ற 180 வாட் கட்டி, விரல் பருமனில் கம்பி. ஆச்சி அந்தச் செங்கல்லைத் தூக்கிக் கணினியின் மேலேயே வைத்து, சேர்த்துத் தூக்கிப் பார்த்தார். "இதையும் சேர்த்துத்தானே பிள்ளை சுமக்க வேண்டும்?"

இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத சரியான கேள்வி அது. விளம்பரத்தில் எடை என்று போடும் வரியில் மின்னேற்றியை வழக்கமாகச் சேர்ப்பதில்லை. அன்றிலிருந்து என் கடையில் இரண்டையும் சேர்த்தே எடை எழுதுகிறேன்.

சொல்லுக்குள் போகும் முன் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு வெப்பம். மெல்லிய கணினியின் செயலி பெரும்பாலும் 15 முதல் 28 வாட்டுக்குள் வேலை செய்யும்படி அமைந்தது. மற்றதில் திரையில் படங்களை வரையும் வரைகலைச் செயலி மட்டுமே அறுபது, எண்பது, நூறு வாட் வரை வாங்கும். அத்தனையும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். அதனால்தான் செப்புக் குழாய்கள், இரண்டு விசிறிகள், அடியில் சல்லடை. வெப்பம் வெளியேறாவிட்டால் இயந்திரம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்னேற்றியைப் பிடுங்கிவிட்டாலும் அப்படித்தான்: மின்கலம் அவ்வளவு வேகமாக மின்சாரம் தராது, தந்தாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மெல்லியதோ எழுத்து, வாசிப்பு, இணையம் என்று வேலை பார்த்தால் ஒரு பகல் தாங்கும்.

மின்கலத்தைப் பற்றிப் பேச நம் ஊருக்கு உரிமை உண்டு. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. லித்தியம் மின்கல ஆய்வு அங்கே நடக்கிறது. இன்னொரு செய்தியும் நம்மவர்களுக்குப் பயன்படும். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் மின்கலத்தின் கொள்ளளவு 100 வாட்மணிக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டியதில்லை. அதனால்தான் பெரிய கணினிகளிலும் மின்கலம் 99 வாட்மணியோடு நின்றுவிடுகிறது. திருச்சியில் ஏறி சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகிற பிள்ளைகள் இதை அடிக்கடி கேட்கிறார்கள்.

செம்மண் தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழுதுக்கு வரும் கணினிகளைத் திறந்தால், விசிறிக்கு முன்னால் உள்ள மெல்லிய செப்புத் தகடுகளின் இடுக்கில் சிவப்புத் தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் முழுதாகக் கையோடு வரும். மெத்தையில் வைத்து ஓட்டியவர்களின் கணினியில் இது இன்னும் மோசம். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் குளிர்ந்த தரை இருக்கும்போது மெத்தை எதற்கு என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

ஆக, இரண்டும் ஒரே அளவு, ஒரே திரை. பிரிப்பது அவை செய்யும் வேலை. பெயரும் அந்த வேலையைச் சொல்ல வேண்டும்.

இந்தக் காரணத்தால் 'அதி', 'மீ' என்று தொடங்கும் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. 'அதிநகர்வுக் கணினி' என்பதில் என்ன நகர்கிறது என்று தெரியவில்லை. 'மீச்சிறு மடிக்கணினி' என்றால் சின்னது என்று ஆகிறது. இங்கே எடை குறைவுதான், திரை சிறியதில்லை. இந்த வகைப் பெயர்கள் பல நிறுவனங்களின் விளம்பரத்தில் பிறந்தவை. 2008இல் ஆப்பிள் ஒரு காகித உறையிலிருந்து தன் மெல்லிய கணினியை எடுத்துக் காட்டி, அதற்குக் காற்று என்று பெயர் வைத்தது. 2011இல் இன்டெல் அல்ட்ராபுக் என்ற வணிகப் பெயரைக் கொண்டுவந்தது. எல்ஜி நிறுவனம் எடையின் அலகையே எடுத்து கிராம் என்று பெயர் சூட்டியது. இன்று அல்ட்ராபுக் வேண்டும் என்று கேட்டு என் கடைக்கு வருகிறவர் எவரும் இல்லை. அந்தச் சொல்லை அப்போதே உழைத்துத் தமிழாக்கியிருந்தால் அதுவும் கூடவே போயிருக்கும்.

'கனமிலி' எனக்கு மிகவும் பிடித்தது. மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்ற பழமொழியையும் நினைவூட்டுகிறது. ஆனாலும் 1.2 கிலோவைச் சுமந்துகொண்டு பல்லவன் ரயிலில் நிற்கிறவரிடம் அது கனமில்லாதது என்று சொல்ல எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை.

புதுவயல் தங்கை சொன்ன 'ஏட்டுக்கணினி'தான் என் தேர்வு. ஏடு என்றால் மெல்லியது. பாலின் மேல் படிவதும் ஏடுதான். ஏடு என்றால் எழுதுவது; நோட்புக் என்பதற்கு நாம் குறிப்பேடு என்று ஏற்கெனவே சொல்கிறோம். மென்மை, எழுத்து, கையில் எடுத்துப்போவது என்ற மூன்றும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி ஒருவர் மறுத்திருந்தார். செட்டிநாட்டில் நின்றுகொண்டு இந்த மறுப்பை நான் ஏற்க முடியாது. ரங்கூனிலும் பினாங்கிலும் நம் முன்னோர் கிட்டங்கி என்ற வணிகக் கூடத்தில் சம்மணமிட்டு, முன்னால் கைப்பெட்டி வைத்து எழுதியது பேரேடு. அந்த ஏடு சொன்னால் பணம் கைமாறியது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் சாய்ந்த மூடி போட்ட கணக்குப் பெட்டிகளைப் பார்க்கலாம். மூடியைத் திறந்து ஒன்றின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

இனி மற்றது. 'விளையாட்டுக் கணினி' என்று எழுதி ஒட்டிய மூன்றாம் நாள், ஒரு தாத்தா தன் நான்கு வயதுப் பேத்திக்கு அதை விலை கேட்டார். அவர் மேல் தவறில்லை. விளையாட்டுச் சாமான், விளையாட்டுத் துப்பாக்கி என்ற வரிசையில் அது பொம்மைக் கணினி என்றுதான் பொருள் தரும். அன்றே அட்டையைக் கழற்றிவிட்டேன்.

'ஆடுகணினி' என்பதை நானே முன்வைக்கிறேன். ஆடுகளம் போல இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு, ஆடுகளம் எதிலும் நடுவில் ஒற்று மிகாது, இதிலும் மிகக்கூடாது. 'ஆட்டுக்கணினி' என்று எழுதினால்தான் ஆட்டுக்குட்டி நினைவு வரும். பொருள் மயங்கும் என்று அஞ்சுகிறவர்கள் 'மடிக்கணினி'யையே பார்க்கட்டும். மடி என்றால் சோம்பல். வள்ளுவர் மடியின்மை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். 2011இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது யாரும் சோம்பல் கணினி என்று வாசிக்கவில்லை. மடியில் வைப்பது, மடிப்பது என்ற இரண்டு நல்ல பொருள்களும் முன்னால் வந்து நின்றுவிட்டன.

இதை வாங்குகிற பலர் விளையாடுவதற்காக வாங்கவில்லை, கட்டட வரைபடம், காணொளித் தொகுப்பு என்று வேலைக்காக வாங்குகிறார்கள் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. கோட்டையூர் ஆச்சி இரண்டாம் முறை வந்தபோது அட்டையை வாசித்துவிட்டு அதையேதான் கேட்டார்: "ஆடுகணினி என்றால் விளையாடத்தானே? படிக்கிற பிள்ளைக்கு எதற்கு?" நான் சொன்னேன்: "ஆச்சி, மாவாட்டுகிறோம், செக்காட்டுகிறோம். அதுவும் ஆட்டம்தானே?" அவர் சற்று யோசித்துவிட்டு, "சரிதான், சூடாகும், சத்தம் போடும்" என்றார். தமிழில் ஆடு என்ற வினை விளையாட்டோடு நிற்பதில்லை. போராடு, உரையாடு, நீராடு என்று ஒரு செயலில் முழுமூச்சாக இறங்குவதற்கெல்லாம் அது வந்து சேர்கிறது. விசிறி சுழன்று, செம்பு கொதித்து, முப்பரிமாணக் கட்டடத்தைத் திரையில் திருப்பிக் காட்டும் கணினிக்கு இதைவிடப் பொருந்தும் வினை எனக்குத் தெரியவில்லை.

காம்பாக்ட் என்பதைச் சொல்லுக்குள்ளேயே அடக்க வேண்டுமா? குறுந்தகடு என்ற முன்மாதிரியைக் காட்டிக் 'குறு' சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தால் குற்றாடுகணினி ஆகிறது. குற்றம் காதில் விழுகிறது. 'சிறு' சேர்த்தால் சிற்றாடு, உண்மையிலேயே ஆட்டுக்குட்டி. பள்ளத்தூர் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து 'சிறுதேர்' என்று எழுதியிருந்தார். பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டும் பருவம் வருவதால் விளையாட்டு, சிறுமை, கொண்டுபோவது எல்லாம் அதில் இருக்கின்றன என்பது அவர் வாதம். வாசித்ததும் எனக்கு மகிபாலன்பட்டித் தமிழறிஞர் பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் நினைவுக்கு வந்தார். மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்துக்கு அவர் வைத்த தமிழ்ப் பெயர் மண்ணியற் சிறுதேர். மண், சின்ன வண்டி, இவ்வளவுதான் மூலப் பெயரில் இருப்பது. நாடகத்தின் மற்ற எதையும் அவர் பெயருக்குள் திணிக்கவில்லை. பண்டிதமணியின் மகிபாலன்பட்டியைத்தான் கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் என்று கொள்கிறார்கள். கணியன் என்ற பெயரிலுள்ள கணி நம் கணினியிலும் இருக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பண்டிதமணி காட்டிய அளவையே நாமும் வைத்துக்கொள்ளலாம். ஆடுகணினி என்பது பெயர். சிறியதாக இருந்தால் முன்னால் 'கச்சிதமான' என்று சேர்த்துச் சொல்வோம், அல்லது 14 அங்குல ஆடுகணினி என்போம். அண்ணனின் சிறுதேர் அழகான சொல். கடையில் வந்து சிறுதேர் கொடுங்கள் என்று கேட்கிறவருக்கு நான் எதை எடுத்துக் கொடுப்பேன் என்பதுதான் என் தயக்கம்.

இரண்டு வாரத்தில் நான் கண்டதையும் சொல்லிவிடுகிறேன். 'ஏட்டுக்கணினி' அட்டையை வாசித்தவர்களில் பலர் "எழுத்து வேலைக்கா?" என்று கேட்டார்கள். ஆம் என்றேன். விளக்கம் அதோடு முடிந்தது. 'ஆடுகணினி'க்கு இன்னும் விளக்கம் தேவைப்படுகிறது, ஆனால் பையன்கள் எளிதாக வாயில் போட்டுக்கொள்கிறார்கள். ஆச்சியின் பேரன் ஆடுகணினிதான் வாங்கிப் போனான், மின்னேற்றிக்குத் தனியாக ஒரு பையும் தைத்து வாங்கிக்கொண்டு. அவன் படிப்புக்கு அதுதான் சரி. சட்டமோ வணிகவியலோ படிக்க வந்திருந்தால் மெல்லியதைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

அட்டைகள் வரும் திங்கட்கிழமை அச்சுக்குப் போகின்றன. ஒற்று மிக வேண்டும் என்று கருதுகிறவர்கள் அதற்குள் இலக்கணக் காரணத்தோடு எழுதுங்கள். அந்தச் செங்கல் மின்னேற்றிக்கும் ஒரு பெயர் தேவை. ஆசிரியர் ஐயா அதற்குத் தனி இழை தொடங்கினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து