கட்டுநாயக்கவிலிருந்து ஹீத்ரோ: அம்மாவுக்கு உண்மையில் எத்தனை மணித்தியாலம்?

டிக்கோயா மகள்:
ஜனவரியில் அக்காவின் பிரசவத்துக்கு அம்மா லண்டன் போகிறார். வயது 62. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர்; கதிர்காமத்துக்கு அப்பால் எங்கும் போனதில்லை. சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடுகிறார். டிக்கெட்டில் பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டு மாலை 6.45க்கு இறங்குவதாக இருக்கிறது. ஆறு மணித்தியாலம்கூட இல்லையே! அக்காவோ பதினொன்றுக்கு மேல் என்கிறாள். எது சரி? தூரம் எவ்வளவு? டுபாயில் மாறினால் மலிவு. இந்த டிக்கெட்டை மாற்றலாமா?

கண்டிவாசி:
அக்கா சொல்வதுதான் சரி. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். ஜனவரியில் லண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். அங்கே 6.45 என்றால் இங்கே நள்ளிரவு 12.15. ஆகவே பயணம் 11 மணித்தியாலம் 15 நிமிடம்.

நுவரெலியா மருமகள்:
தங்கச்சி, என் மாமியாரை நான்தான் அழைத்துப் போனேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மிகக் குறுகிய வழி சுமார் 8,700 கிலோமீற்றர். அந்தக் கோடு ஈரானையும் கருங்கடலையும் தாண்டி உக்ரைன் பக்கம் போகும். 2022 பெப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி மூடிக் கிடப்பதால் விமானங்கள் சுற்றித்தான் போகின்றன. மேற்கே போகும்போது எதிர்க்காற்றும் உண்டு. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், நேரம் குறையும்.

டுபாய் வழியில் தூரம் பெரிதாகக் கூடாது: கொழும்பிலிருந்து டுபாய் 3,300, அங்கிருந்து லண்டன் 5,500. கூடுவது காத்திருப்பும், அந்தப் பெரிய விமான நிலையத்தில் அடுத்த வாசலைத் தேடும் நடையும்தான். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் அம்மாவாக இருந்தால் அந்த மலிவு வேண்டாம். நேரடி விமானத்திலேயே விடுங்கள். சக்கர நாற்காலி உதவியையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மூச்சு முட்டுமோ என்று மாமியார் பயந்தார். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல இருக்கும். எங்கள் நுவரெலியாவே 6,128 அடி! இதைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. கினிகத்தேனை இறக்கத்தில் பஸ்ஸில் காது அடைக்குமே, தரையிறங்கும்போதும் அப்படித்தான். எச்சில் விழுங்கினால் திறந்துவிடும்.

மாத்திரைகளும் மருந்துத் துண்டும் கைப்பையில் இருக்கட்டும். எந்த நேரத்தில் போடுவது என்று கிளினிக்கில் இப்போதே கேளுங்கள். வழி முழுவதும் அம்மாவின் கைக்கடிகாரம் இலங்கை நேரத்திலேயே ஓடட்டும்.

டிக்கோயா மகள்:
அக்கா, மிக்க நன்றி. அம்மாவுக்கு வாசிக்க வராது; அதை எழுத மறந்துவிட்டேன். நேரடி டிக்கெட்டே இருக்கட்டும். உங்கள் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "நுவரெலியா உயரம்தானா?" என்று இரண்டு தடவை கேட்டார். கம்பளிச் சட்டையை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.