பிசினஸ் விசாவில் போய் மெஷின் நிறுவிக் கொடுக்கலாமா? ஜெர்மனி பயணம், உதவி தேவை

கேட்டவர்: சர்வீஸ்_பிரிவு

வணக்கம் நண்பர்களே. பேக்கிங் மெஷின் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனியில் ஒரு வாடிக்கையாளர் எங்களிடம் மெஷின் வாங்கியிருக்கிறார், கண்டெய்னரும் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் போய் அதைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, அங்குள்ள ஆபரேட்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஐந்தாறு வாரம் ஆகும்.

ஆபீசில், "மீட்டிங் என்று போட்டு பிசினஸ் விசா எடு. சம்பளம் நாம்தானே கொடுக்கிறோம், வொர்க் பர்மிட் எதற்கு?" என்கிறார்கள். டிராவல் ஏஜென்டும் அதையேதான் சொல்கிறார். அழைப்புக் கடிதத்திலும் "வணிகப் பேச்சுவார்த்தை" என்று மட்டும்தான் இருக்கிறது. என் பையிலோ டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், லேப்டாப் எல்லாம் இருக்கும். பேச்சுவார்த்தைக்கு வந்தவன் என்றால் யார் நம்புவார்கள்? மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: விசா_டெஸ்க்

உங்கள் தயக்கம் சரியானதுதான். அந்தக் கடிதத்தோடு போகவே வேண்டாம்.

சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது பல கேள்விகளில் ஒன்று, அவ்வளவுதான். அங்கே போய் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பேச்சுவார்த்தை, ஒப்பந்தக் கையெழுத்து, கண்காட்சியைச் சுற்றிப் பார்ப்பது இதெல்லாம் வணிகப் பயணம். ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டால் பெரும்பாலான நாடுகளில் அது வேலை. அப்படியே நேர்வழியில் போகவும் ஜெர்மனி இடம் வைத்திருக்கிறது, பொய் சொல்லவே தேவையில்லை.

அந்த நாட்டின் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறையில் 19ஆம் பிரிவு உங்கள் வேலைக்காகவே எழுதியதுபோல இருக்கும். வெளிநாட்டுக் கம்பெனியிடம் ஆர்டர் செய்த தொழில் மெஷினை நிறுவ, பராமரிக்க, பழுது பார்க்க, இயக்கக் கற்றுத்தர அந்தக் கம்பெனி தன் ஆளை 12 மாதத்தில் 90 நாள் வரை அனுப்பலாம். ஜெர்மன் மத்திய வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் வேண்டியதில்லை. ஆனால் வேலை தொடங்கும் முன் உங்கள் கம்பெனி அந்த முகமைக்கு முறைப்படி தெரிவித்திருக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால்தான் இந்த விலக்கு செல்லும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 90 நாளுக்கு மேல் போனால் ஒப்புதல் வாங்கியே ஆக வேண்டும்.

உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை என்றால், விண்ணப்பத்திலேயே "மெஷின் நிறுவுதல், பயிற்சி" என்று எழுதுங்கள். விற்பனை ஒப்பந்தம், உங்களை அனுப்பும் கடிதம், முகமைக்குத் தெரிவித்த நகல், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர வேண்டும். அழைப்புக் கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லி வாடிக்கையாளரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

பதில்: கமிஷனிங்_காரன்

மேலே சொன்னதோடு கருவிப் பையையும் கவனிங்க சார். விசா ஒரு பக்கம் இருக்க, கஸ்டம்ஸ் தனிக் கதை. என் பையைத் திறக்கச் சொன்னபோது டார்க் ரெஞ்ச் மேலேயே கிடந்தது. "இது எதற்கு?" என்று அதிகாரி கேட்டார். நிறுவித் தரும் ஷரத்து இருக்கும் ஒப்பந்தப் பக்கத்தையும் கருவிப் பட்டியலையும் நீட்டினேன். பட்டியலில் இருந்த சீரியல் எண்ணை ரெஞ்சின் கைப்பிடியில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தார், அனுப்பிவிட்டார். விலை உயர்ந்த கருவிகளுக்கு ஏடிஏ கார்னே எடுத்துக்கொள்ளுங்கள். தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர அதுதான் ஆவணம், வரி கட்ட வேண்டாம். காகிதங்கள் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்: சர்வீஸ்_பிரிவு

ரொம்ப நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். அதே லைனில் வேறொரு கம்பெனியின் பழைய கன்வேயர் இருக்கிறதாம், அதையும் பார்த்துத் தரச் சொல்கிறார் வாடிக்கையாளர். செய்யலாமா? சில மாதம் முன்பு இத்தாலியில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன், அந்த நாட்களும் கணக்கில் வருமா? அப்புறம், இந்த வருடமே அமெரிக்காவுக்கும் அனுப்பும் பேச்சு இருக்கிறது.

பதில்: விசா_டெஸ்க்

கன்வேயரைத் தொடாதீர்கள். உங்கள் கம்பெனியிடம் ஆர்டர் செய்த மெஷினுக்குத்தான் அந்த விலக்கு. வாடிக்கையாளர் முகத்துக்காகச் செய்தாலும், பணம் வாங்காமல் செய்தாலும், வேலை வேலைதான்.

இத்தாலி நாட்கள் கட்டாயம் வரும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளைத்தான் ஷெங்கன் நாடுகள் என்பார்கள், ஜெர்மனியும் இத்தாலியும் அதில் உண்டு. அவை எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு, எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான். அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளிலும் நின்று பின்னோக்கி 180 நாள் எண்ணிப் பார்க்க வேண்டும். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் முழு நாள்தான். மார்ச் 1 போய் மார்ச் 10 திரும்பினால் பத்து நாள், ஒன்பது இல்லை. 2025 அக்டோபர் 12 முதல் இந்த வருகையையும் வெளியேற்றத்தையும் கம்ப்யூட்டரிலேயே பதியத் தொடங்கிவிட்டார்கள். முத்திரை மங்கலாக இருந்தது, அதிகாரி கவனிக்கவில்லை என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

இதையும் 12 மாதத்தில் 90 நாள் என்ற ஜெர்மன் கணக்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சம்பளத்துக்கு எந்த நாட்டில் வரி என்று பார்க்க, நாடுகளுக்கு இடையிலான வரி ஒப்பந்தங்களில் வரும் 183 நாள் கணக்கு இன்னொன்று. அதை உங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவு பார்க்கட்டும்.

அமெரிக்காவுக்கு பி-1 விசாவிலேயே, அதாவது அவர்களுடைய வணிகப் பயண விசாவிலேயே, மெஷின் நிறுவ வழி உண்டு. மெஷினை அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கம்பெனியிடம் வாங்கியிருக்க வேண்டும், நிறுவித் தருவது விற்பவர் பொறுப்பு என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும், உங்களுக்கு அதற்கான தனித் திறமை இருக்க வேண்டும், அமெரிக்காவில் இருந்து சம்பளம் வரக் கூடாது. கட்டுமான வேலையில் கை வைக்கக் கூடாது, மேற்பார்வையோ பயிற்சியோ மட்டும்தான். 2025 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் கட்டுமானத்தில் இருந்த பேட்டரி ஆலையில் 475 பேரைப் பிடித்தார்களே, அதில் 300க்கும் மேற்பட்டவர்கள் தென் கொரியர்கள். பி-1 விசாவிலும் விசா விலக்கிலும் வந்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். மெஷின் நிறுவ பி-1 செல்லும் என்று அதன் பிறகு தென் கொரியாவுடன் நடந்த பேச்சில் அமெரிக்கத் தரப்பு மறுபடி உறுதி செய்தது. ஆனால் அதற்குள் அந்தத் தொழிலாளர்கள் ஒரு வாரம் அடைபட்டுக் கிடந்துவிட்டார்கள். இது நினைவுக்கு வரும்போதெல்லாம், "மீட்டிங் என்று சொல்லிக்கொள்" என்று ஆளை அனுப்பிவைக்கும் ஆபீஸ்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. மாட்டினால் மாட்டுவது போகிறவர்தான், விசா மறுப்பு பதிவாவதும் அவர் பெயரில்தான்.

கேட்டவர்: சர்வீஸ்_பிரிவு

மேனேஜரிடம் 19ஆம் பிரிவைக் காட்டினேன். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், நிறுவுதலும் பயிற்சியும் எங்கள் பொறுப்பு என்ற ஷரத்து ஏற்கெனவே இருக்கிறது! வாடிக்கையாளர் புதுக் கடிதம் அனுப்புகிறார், கன்வேயர் விஷயத்தையும் புரிந்துகொண்டார். முகமைக்குத் தெரிவிக்கும் படிவத்தை ஹெச்ஆர் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். டிக்கெட் இப்போதே போட்டுவிடலாமா?

பதில்: விசா_டெஸ்க்

வேண்டாம். படிவம் போய், அதன் நகல் கைக்கு வந்து, விசாவும் கிடைக்கட்டும். விசா ஸ்டிக்கரில் தேதியையும் நாட்களின் எண்ணிக்கையையும் சரிபார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். கமிஷனிங், அதாவது மெஷினை ஓட்டிப் பார்த்து ஒப்படைக்கும் வேலை, இழுத்தடிக்கும் என்பதால் ஒரு வாரம் கூடுதலாகவே கேட்டு விண்ணப்பியுங்கள்.