போர் தண்ணியில் துணி டயப்பர்: எது தாங்கும்?

மல்லி:
குழந்தைக்கு மூணு மாசம், அஞ்சரை கிலோ. பெங்களூர் ஒயிட்ஃபீல்டு அபார்ட்மென்ட், போர் தண்ணியும் டேங்கரும்தான், காவேரி வரலை. பாக்கெட் டயப்பர் (பட்டை சொருகற பை வெச்ச துணி டயப்பர்) ஆறு இருக்கு, உள்ளே மைக்ரோஃபைபர்ங்கற செயற்கை நூல் பட்டை. ஒன்றரை மணி நேரத்துல தொடை ஓரமா கசியுது. துவைச்சுக் காய்ஞ்ச துணியும் ஈரம் பட்டதுமே மூக்கைத் துளைக்குது. மழையில ரெண்டு நாளானாலும் காயறதில்லை. மூங்கில் டயப்பருக்கு மாறலாமா? எத்தனை வேணும்?

நூல்கண்டு:
புதுசு வாங்குறதுக்கு முன்னாடி, காய்ஞ்ச பட்டை மேல ஒரு ஸ்பூன் தண்ணி விட்டுப் பாருங்க. உடனே உறிஞ்சணும். முத்து மாதிரி உருண்டு நின்னா துணியில படிவு இருக்கு. உப்புத் தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து நூலுக்குள்ள பிசுக்கா ஒட்டிக்கும். மூத்திரம் அதுல தங்கித்தான் அந்த நெடி. சோப்புக் கட்டியை விட்டுட்டு டிடர்ஜென்ட் பவுடருக்கு மாறுங்க. கம்ஃபர்ட் மாதிரி மணத் திரவம் வேண்டவே வேண்டாம், அது நூல் மேல படலமாப் படியும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற தண்ணியில அலசாதீங்க. அதுல உப்பு இன்னும் அதிகம்.

தூளி:
மைக்ரோஃபைபர் வேகமா உறிஞ்சும், ஆனா குழந்தை உட்கார்ந்து அழுத்தினா ஸ்பாஞ்ச் மாதிரி திரும்பக் கக்கிடும். தோல்ல நேரடியாப் படவும் கூடாது, வறட்டிடும்.

பெங்களூர் மழைக்கு என் தேர்வு விரிக்கிற பருத்தித் துணிதான். 70 செ.மீ. சதுரம், மெல்லிய மஸ்லின். பழைய வேட்டி கிழிச்சாலும் அருமை. நாலா மடிச்சு, அதை மூணு மடிப்புப் பட்டையாக்கி, நீர் புகாத கவருக்குள்ள வைங்க. ஆண் குழந்தைன்னா முன்பக்கம் ஒரு மடிப்பு கூடுதல். துவைச்சு விரிச்சா ஒத்தை அடுக்கு, ஃபேன் காத்துலயே காஞ்சிடும். தைச்ச கனமான டயப்பர்ல நடு அடுக்கு ஈரம் போகவே போகாது. புதுப் பருத்தியை அஞ்சாறு தடவை துவைச்சப்புறம்தான் முழுசா உறிஞ்சும்.

ஒரு நாளைக்குப் பத்து மாத்தல்னு வைங்க: துணி 25, கவர் 5. வெறும் ஈரம்னா கவரைத் துடைச்சு ஆறவிட்டு மறுபடி போடலாம்.

மூங்கில் துணின்னு விக்கிறது பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது மூங்கில் கூழை ரசாயனத்துல கரைச்சு எடுக்கிற நூல். நிறைய பிடிக்கும், மெதுவாத்தான் காயும். ராத்திரிக்கு ரெண்டு மூணு போதும். தூக்கிப்போடுற 'மூங்கில்' டயப்பர்ல உள்ளே பெரும்பாலும் சாதாரண டயப்பர்ல ஈரம் உறிஞ்சுற அதே ஜெல்தான், அட்டையைப் படிச்சு வாங்குங்க.

மல்லி:
தண்ணி உருண்டுதான் நிக்குது! இதை எப்படி எடுக்கறது? தேங்காயெண்ணெய் தடவுறதும் காரணமா?

நூல்கண்டு:
ஆமா, எண்ணெயும் ஜிங்க் க்ரீமும் துணியை அடைக்கும். தடவினா மேல ஒரு மெல்லிய துணி போடுங்க.

படிவுக்கு: ஒரு பக்கெட் கீசர் வெந்நீர், வழக்கமான அளவு பவுடர், ரெண்டு டேபிள்ஸ்பூன் சலவை சோடா. பட்டைகளை மட்டும் ஆறு மணி நேரம் ஊறவைங்க. கவரைப் போடாதீங்க, நீர் தடுக்கிற பூச்சு உரிஞ்சிடும். நுரை வராத வரை அலசுங்க. மலக் கறைக்கு முதல்ல பச்சைத்தண்ணி, அப்புறம்தான் வெந்நீர். முதல்லயே வெந்நீர் விட்டா கறை துணியில நிலைச்சுடும்.

தூளி:
தொடை ஓரக் கசிவுக்கு இதையும் பாருங்க. எலாஸ்டிக் ஜட்டிக் கோட்டுல, தொடை மடிப்புக்குள்ள உட்காரணும். உள் துணி ஒரு நூலளவு வெளியே எட்டிப் பார்த்தாலும் ஈரம் அது வழியா உடுப்புக்கு ஏறிடும். மாட்டினதும் விரலை ஓரம் முழுக்க ஓட்டி உள்ளே தள்ளுங்க.