சிறுகதை பாட்காஸ்ட்: கேட்பவர்கள் ஓர் அளவுக்கு மேல் கூடவில்லை, எதை மாற்றலாம்?

தென்காசி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்ச் சிறுகதைகளை வாசித்து பாட்காஸ்டாக வெளியிட்டு வருகிறேன். பெரும்பாலும் சிற்றிதழ்களிலும் இணைய இதழ்களிலும் வந்த கதைகள். எழுதியவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் வாசிப்பேன். இடையிடையே பழைய கதைகளும் உண்டு. சனிக்கிழமைதோறும் ஒரு கதை. வாசிப்பு, தொகுப்பு, அட்டைப்படம் எல்லாமே நான்தான்.

கேட்பவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்ற வட்டத்திலேயே நிற்கிறார்கள். யார் எந்த இடத்தில் விட்டுப் போகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தால், திறப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் போய்விடுகிறார்கள். அதைத் தாண்டியவர்கள் அநேகமாகக் கடைசி வரை இருக்கிறார்கள். அதனால் கதைத் தேர்வில் குறையில்லை என்றுதான் நினைக்கிறேன்.

என் தொடக்கம் இப்படி இருக்கும்: தலைப்பு இசை, வணக்கம், எழுத்தாளர் அறிமுகம், கதை எந்த இதழில் வந்தது, அதைப் பற்றி என் கருத்தாக நாலு வரி, அப்புறம் கதை. இது நீளமா? பின்னணி இசை கதை முழுக்க ஓட வேண்டுமா? பதிவு செல்போனில்தான், சட்டையில் குத்தும் சின்ன மைக் வைத்து. வீடு பஸ் போகும் தெருவில் இருக்கிறது. பழைய கதைகளின் உரிமை பற்றியும் ஒரு தெளிவு வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பார்வையில்லாத ஒரு தமிழ் எம்.ஏ. மாணவி, ஒரு கதையைக் கேட்டுவிட்டு, அதே எழுத்தாளரின் மற்ற கதைகளையும் வாசிக்க முடியுமா என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பாடப் பகுதியில் இருக்கும் கதைகளே ஒலியில் கிடைப்பதில்லை, தோழிகள் யாராவது படித்துக் காட்டினால்தான் உண்டு என்றாள். அவளைப் போன்றவர்களுக்கு இது போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவர்களை எப்படி எட்டுவது?

நெல்லை வானொலிக்காரர்:

டீச்சர், வணக்கம். நான் வானொலி நாடகப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கதைகளில் மூன்றைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். குரல் நன்றாக இருக்கிறது, உச்சரிப்பில் ழகரம் ளகரம் எல்லாம் சுத்தம். மாற்ற வேண்டியது வேறு இடத்தில்.

முதலில் தொடக்கம். வானொலியில் நிகழ்ச்சிக்கு முத்திரை இசை வைத்ததற்குக் காரணம் உண்டு. ஏதோ ஒரு நேரத்தில் பெட்டியைத் திருப்புகிறவருக்கு இது என்ன நிகழ்ச்சி என்று தெரிய வேண்டும், அடுத்த அறையில் இருப்பவர் வந்து உட்கார அவகாசம் வேண்டும். பாட்காஸ்ட் கேட்பவர் கதையின் பெயரைப் பார்த்து, தானே விரலால் தொட்டுத் திறந்திருக்கிறார். அவர் வந்து உட்கார்ந்தாயிற்று. கதையின் பெயர், எழுதியவர் பெயர், ஒரு மூச்சு இடைவெளி, முதல் வரி. இவ்வளவு போதும். அறிமுகம், இதழின் பெயர், உங்கள் நாலு வரி எல்லாம் கதைக்குப் பிறகு வரட்டும். கதை பிடித்துப்போனவருக்கு, எழுதியவர் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அப்போதுதான் வரும். முன்னாலேயே கருத்துச் சொன்னால் அவர் கதையைக் கேட்காமல் உங்கள் கருத்து சரியா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அச்சில் பேச்சுக்கு மேற்கோள் குறி இருக்கிறது. கண் ஒரே பார்வையில் வரி முழுவதையும் வாரிக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை. ஓர் உதாரணம் எழுதுகிறேன்:

“அவர் வந்தா எங்கிட்ட சொல்லு” என்று அடுக்களையிலிருந்து பெரியம்மா மெதுவாகச் சொன்னாள்.

இதை அப்படியே வாசித்துப் பாருங்கள். யார் பேசுகிறார்கள், எங்கிருந்து பேசுகிறார்கள், எந்தத் தொனியில் என்ற மூன்று விவரமும் பேச்சு முடிந்த பிறகுதான் வருகின்றன. நீங்கள் கூடத்தில் நின்று கூப்பிடுவது போல உரக்க வாசித்துவிட்டால், பின்னால் வரும் ‘மெதுவாக’ கேட்பவரைக் குழப்பும். அவர் அந்தப் பேச்சை மனதில் திரும்பவும் ஓட்டிப் பார்ப்பார், அதற்குள் நீங்கள் அடுத்த வரிக்குப் போயிருப்பீர்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் நம் கதைகளில் பக்கத்துக்குப் பத்து இடத்தில் இது நடக்கும். இரண்டு நிமிடத்தில் போகிறவர்களில் சிலர் இந்தச் சோர்வால்தான் போகிறார்கள் என்று நினைக்கிறேன். அறிமுகத்தால் மட்டும் இல்லை.

நாங்கள் செய்தது இது. பிரதியைக் கையில் வாங்கியதும் பென்சிலோடு ஒரு முறை படிப்போம். ‘மெதுவாகச் சொன்னாள்’ என்பதைப் பார்த்ததும் மேலே போய், அந்தப் பேச்சின் இடது ஓரத்தில் ‘பெரி., தாழ்ந்து, தள்ளி’ என்று குறித்துவிடுவோம். வாசிக்கும்போது அந்த வரி வருவதற்கு முன்பே குரல் தயாராக இருக்கும். ‘தள்ளி’ என்றால் மைக்கிலிருந்து முகத்தைக் கொஞ்சம் திருப்பி, அரை அடி பின்னால் போவது. அடுக்களை தானாக வந்துவிடும். அதற்காகப் பாத்திரச் சத்தம் சேர்க்கத் தேவையில்லை. கிழவிக்குக் கிழவிக் குரல், குழந்தைக்குக் குழந்தைக் குரல் என்று மாற்றிப் பேசவும் வேண்டாம். பெண் வாசகர் ஆண் பாத்திரத்துக்குத் தொண்டையைக் கட்டினால் கதை அங்கேயே உடையும். வேகத்தையும் தூரத்தையும் மாற்றினாலே ஆள் மாறியது தெரியும்.

நீண்ட வாக்கியங்களுக்கும் ஒரு வார்த்தை. நாலைந்து எச்சங்கள் அடுக்கி வரும் வாக்கியத்தில், ஒவ்வோர் எச்சத்திலும் குரலை இறக்கிவிடுகிறீர்கள். வாக்கியம் முடிந்தது போலவும் மறுபடி தொடங்கியது போலவும் கேட்கிறது. வினைமுற்று வரும் வரை குரல் மேலேயே நிற்கட்டும்.

வட்டார வழக்குக் கதை என்றால் எழுத்தாளரையே ஒரு பக்கம் வாசித்து அனுப்பச் சொல்லுங்கள். கோவைப் பக்கத்துப் பேச்சை நம் தென்காசிக்காரர் கேள்வி ஞானத்தில் பேசினால் அந்த ஊர்க்காரருக்குக் கூச்சமாக இருக்கும். கேட்டு, இழுவை எங்கே விழுகிறது என்று பிடித்துக்கொண்டால் போதும். முழுதாக நடிக்க வேண்டாம்.

மதுரை ஒலித்தொகுப்பு:

அக்கா, சார் சொன்னதற்கு மேல் வாசிப்பில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒலி பற்றி மட்டும் சொல்கிறேன்.

மைக் மாற்றுவதற்கு முன்னால் அறையை மாற்றுங்கள். தெருப்பக்க அறையை விட்டுவிட்டு, துணி அலமாரி இருக்கும் உள்ளறை எது என்று பாருங்கள். அலமாரிக் கதவைத் திறந்து துணிகளைப் பார்த்து உட்காருங்கள், முதுகுக்குப் பின்னால் கொடி கட்டி ஒரு கனமான ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள். உங்கள் பதிவில் கேட்கும் அந்தக் கூடத்து எதிரொலி பெரும்பகுதி போய்விடும். ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டும் நிற்க வேண்டும். வாசிக்கத் தொடங்கும் முன் பத்து விநாடி சும்மா இருந்து அறையின் அமைதியைப் பதிந்துகொள்ளுங்கள். பஸ் ஹார்ன் வந்த இடத்தை வெட்டும்போது அந்த இடத்தில் இந்த அமைதியை ஒட்டினால் வெட்டியது தெரியாது. வெறுமையாக விட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

சட்டை மைக்கில் புடவை உரசும். செல்போனில் செருகும் மைக் என்றாலும் சரி, அதைக் கழற்றி ஒரு ஸ்டாண்டில், வாய்க்கு நேராக இல்லாமல் கன்னத்துப் பக்கமாக, ஒரு சாண் தள்ளி வையுங்கள். ‘பாட்டி’, ‘பக்கம்’ என்று பகரத்தில் தொடங்கும் சொற்களில் காற்று மோதும் சத்தம் அதிலேயே குறைந்துவிடும். பின்னாளில் வாங்குவதாக இருந்தால் டைனமிக் மைக்காக வாங்குங்கள். கண்டென்சர் மைக் தெருவையும் சேர்த்துப் பிடிக்கும்.

தொகுக்க ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், இலவசம். அதில் சத்த அளவைச் சீராக்கும் வசதியில் −16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்று வையுங்கள், ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைப்பது அதுதான். ஸ்பாட்டிஃபை −14 என்கிறது, ஆனாலும் −16 வைத்தால் இரண்டிலும் நன்றாகவே கேட்கும். இப்போது உங்கள் ஒரு கதை உரக்கவும் அடுத்தது மெதுவாகவும் இருக்கிறது, சமையல் செய்துகொண்டே கேட்பவர் ஈரக் கையோடு போனைத் தேட வேண்டியிருக்கிறது. மூச்சுச் சத்தத்தை எல்லாம் வெட்ட வேண்டாம். பெரிய மூச்சைக் கொஞ்சம் தணித்தால் போதும். மூச்சே இல்லாத குரல் இயந்திரம் பேசுவதாகத் தோன்றும்.

பின்னணி இசை கதை முழுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். செல்போன் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இசையும் குரலும் கலந்து சொல் புரியாமல் போகும். காட்சி மாறும் இடத்தில் இரண்டு விநாடி மௌனம் அதைவிட நன்றாக வேலை செய்யும். ஒலித்துணுக்கு ஏதாவது எடுப்பதாக இருந்தால், அவற்றை இலவசமாகத் தரும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் உரிமத்தைப் பார்த்து எடுங்கள். சிசி சீரோ (உரிமையை முழுதும் விட்டுக்கொடுத்தது) என்று இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். வணிகப் பயன்பாடு கூடாது என்று போட்டிருப்பதை, யூடியூபில் விளம்பர வருமானம் வருகிற நிகழ்ச்சியில் போடாதீர்கள்.

பதிப்பகப் பிழைதிருத்துநர்:

உரிமை விஷயம். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் வாழ்நாளும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை இருக்கும். எழுத்தாளர் கு.ப.ரா. (கு.ப. ராஜகோபாலன்) 1944இல் மறைந்தார், எனவே 2004 முடிவோடு உரிமைக் காலம் தீர்ந்தது. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். 60 ஆண்டு முடிவதற்கு முன்பே, 2002இல், தமிழக அரசு அவர் படைப்புகளை நாட்டுடைமையாக்கிவிட்டது, அதாவது யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவாக்கிவிட்டது. இப்படி நாட்டுடைமையான எழுத்தாளர்கள் பலர் இருக்கிறார்கள், நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று: கதைக்கு உரிமை தீர்ந்தாலும், இப்போதைய பதிப்பில் இருக்கும் முன்னுரையும் குறிப்புகளும் பதிப்பாசிரியருடையவை. அவற்றை வாசிக்காதீர்கள்.

வாழும் எழுத்தாளர் போனில் ‘சரி வாசிங்க’ என்று சொன்னதோடு நிறுத்தாமல் மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். எழுத்து வடிவ அனுமதியில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் கதைகளை துபாயிலும் சிங்கப்பூரிலும் கேட்பார்கள். கதையின் பெயர், ஒலி வடிவம், எல்லா நாடுகளுக்கும், இத்தனை ஆண்டுக்கு, வேறு யாருக்கும் கொடுக்க எழுத்தாளருக்குத் தடையில்லை, வருமானம் வந்தால் பங்கு என்ன என்று ஐந்தாறு வரி போதும். எழுத்தாளருக்கும் அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

மட்டக்களப்பு வாசகன்:

இலங்கை எழுத்தாளர்களின் கதைகளையும் எடுங்கோ அக்கா. எங்கட நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

ஆட்களைச் சேர்க்கிற விஷயத்தில் நான் கேட்கிற ஆளாக ஒன்று சொல்லுறன். உங்கட தலைப்பெல்லாம் நிகழ்ச்சியின் பெயர், பகுதி எண், பிறகு கதையின் பெயர் என்று இருக்கு. போன் திரையில் முதல் மூன்று சொல்தான் தெரியும், எல்லாப் பகுதியும் ஒரே மாதிரிக் கிடக்கு. கதையின் பெயரும் எழுத்தாளர் பெயரும் முன்னுக்கு வரட்டும். நீங்கள் சொன்ன அந்தப் பிள்ளை திரைவாசிப்பானில், அதாவது திரையில் இருக்கிறதைப் படித்துக் காட்டுற செயலியில், கேட்டுத்தான் தேடுவாள். ஒவ்வொரு முறையும் நிகழ்ச்சியின் பெயர் முழுவதையும் கேட்டு முடித்தால்தான் கதையின் பெயருக்கு வரலாம். ஒரு பட்டியல் நீளத்துக்கு அதை யோசித்துப் பாருங்கோ.

இன்னொன்று. யூடியூபிலும் போடுங்கோ. என்னுடைய அம்மா, அவவின் கூட்டாளிகள் எல்லாரும் அங்கதான் கேட்கினம், ஸ்பாட்டிஃபை என்றால் என்னவென்றே தெரியாது. உங்கட ஆர்எஸ்எஸ் முகவரியை, அதாவது எல்லாச் செயலிகளும் உங்கட பகுதிகளை எடுக்கிற மூல இணைப்பை, கொடுத்தால் யூடியூபே எடுத்து அட்டைப்படத்தோடு போடும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடினபோது அந்த இணைப்புகளை மட்டும் பகிர்ந்து வைத்திருந்தவைக்குக் கஷ்டமாய்ப் போனது. ஆர்எஸ்எஸ் உங்கட கையில் இருந்தால் எந்தக் கடை மூடினாலும் பயமில்லை.

தென்காசி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. மட்டக்களப்புத் தம்பி சொன்ன தலைப்பு விஷயத்தை இன்றைக்கே மாற்ற ஆரம்பித்துவிட்டேன், பழைய பகுதிகளுக்கும் சேர்த்து. திரைவாசிப்பானைப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன், அவர் சொன்னது அத்தனையும் சரி. அந்த மாணவியிடமே பேசினேன். அவர்கள் கல்லூரியில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதாம், பாடத்தில் உள்ள சிறுகதைகளின் பட்டியலை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். உரிமை தீர்ந்தவை எவை என்று பார்த்து, அவற்றைத் தேர்வுக்கு முன் வாசித்துவிடலாம் என்று இருக்கிறேன். மற்ற கல்லூரித் தமிழ்த் துறைகளுக்கும் எழுதப் போகிறேன்.

வானொலி சாரிடம் ஒரு கேள்வி. பேச்சுக்குப் பின்னால் வரும் ‘என்றாள்’, ‘என்று கேட்டான்’ இவற்றை ஒலியில் விட்டுவிடலாமா? இரண்டு பேர் மாறி மாறிப் பேசும் இடத்தில் அது தடுக்குகிறது.

நெல்லை வானொலிக்காரர்:

வாழும் எழுத்தாளர் என்றால் அந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்பி, இந்த இந்த இடத்தில் எடுக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், சிலர் தாங்களே திருத்தித் தருவார்கள். மறைந்தவர் கதையில் ஒரு சொல்லையும் தொடாதீர்கள். உரிமை தீர்ந்திருக்கலாம், அதற்காக நாம் கை வைக்கக் கூடாது. அதிலும் மாணவர்கள் பாடமாகக் கேட்கப் போகிறார்கள். அங்கே ‘என்றாள்’ என்பதைத் தனியாக நிறுத்திச் சொல்லாமல், பேச்சின் வாலோடு சேர்த்துத் தாழ்ந்த குரலில் விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுங்கள். தடுக்காது.

அடுத்த வாரம் வாசிக்கப்போகும் கதை உரிமை தீர்ந்த பழைய கதை என்றால் முதல் பக்கத்தை இங்கே போடுங்கள். எங்கெங்கே குரல் மாற வேண்டும் என்று ஓரத்தில் குறித்துத் தருகிறேன்.