தாத்தாவின் கணக்கு நோட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

குடந்தைப் பேரன்:
எங்கள் தாத்தா போன ஆவணியில் தவறிவிட்டார். எண்பத்தொன்பது வயது. வருகிற தலைத் திவசத்துக்குச் சொந்தக்காரர்கள் கையில் கொடுக்க, அவரைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் போடலாம் என்று இருக்கிறேன்.

கும்பகோணத்தில் அச்சகம் வைத்திருந்தார். காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் அச்சு மெஷின், கொஞ்சம் ஈய எழுத்து, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். ‘நிகழும் மங்களகரமான’ என்ற வரியை மட்டும் பிரித்துப் போடாமல் நூல் சுற்றிக் கட்டியே வைத்திருப்பார். நாளைக்கு எப்படியும் யாராவது வருவார்கள் என்பார். மகா கஞ்சன். நோட்டு கேட்டால் வெட்டி மிஞ்சிய காகிதத்தைத் தைத்துத் தருவாரே தவிர, கடையில் வாங்கித் தரமாட்டார். அப்படிப்பட்டவர் அச்சகத்தை எப்படி நஷ்டத்தில் மூடினார் என்பது என் அத்தைகளுக்கு இன்றும் புதிர்.

அவர் எழுதிய கணக்கு நோட்டு ஏழு கிடைத்திருக்கிறது. நடுநடுவே ஏதோ குறிகள். ‘லை’ எல்லாம் விநோதமாக இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஈய எழுத்தும் இருக்கிறது. அதை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
தம்பி, அவை பழைய கணக்குக் குறிகள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். இவற்றைக் கல்யாணப் பத்திரிகையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். ௸ என்றால் மேற்படி. ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய்.

முதல் படத்தில் மூன்றாவது வரி: ‘௸ தெரு தையற்காரர் மகள் கலியாணம், பத்திரிகை 300, ௷ இல்லை.’ அதாவது காசு வரவில்லை. அதே பக்கத்தில் இன்னும் இரண்டு இடத்தில் அப்படியே எழுதியிருக்கிறார். மற்ற பக்கங்களையும் பாருங்கள்.

ஈய எழுத்து:
இருபது வருஷம் அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவன். அந்த ‘லை’ தும்பிக்கை போட்ட எழுத்து, அதாவது ‘ை’ தனியாக நிற்காமல் எழுத்தோடு யானைத் தும்பிக்கை மாதிரி ஒட்டிய பழைய வடிவம். ணை, லை, ளை, னை நான்கும் அப்படித்தான் இருந்தன. ணா, றா, னாவுக்கும் கால் தனியாகக் கிடையாது, உடம்போடு சுழித்துவிடும். அவற்றின் ஒகர, ஓகார வரிசையையும் சேர்த்தால் மொத்தம் 13. பெரியார் 1935-லேயே தன் குடி அரசு இதழில் இவற்றை இப்போதைய வடிவத்துக்கு மாற்றிவிட்டார். இந்த மாற்றத்துக்கு அரசாணை வந்தது 1978 அக்டோபரில். அதற்குப் பிறகு நாங்கள் பழைய எழுத்துகளை எடைக்குப் போட்டோம். உங்கள் தாத்தாவுக்கு மனசு வரவில்லை போல. பாட்டிலில் இருப்பவை அந்த 13-தானா என்று பாருங்கள். ஸ்டாம்ப் பேடில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினால் தெரிந்துவிடும். எழுத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் இடவலம் மாறித்தான் இருக்கும், குழம்ப வேண்டாம். ஈயம், அதனால் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள்.

பிழைதிருத்தி:
கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தும்பிக்கை ‘லை’க்குத் தனி இடம் கிடையாது. வடிவம் எழுத்துருவைப் பொறுத்தது. தட்டச்சு செய்து மாய்வதை விட, நோட்டுப் பக்கங்களை ஸ்கேன் செய்து அப்படியே போட்டுவிடுங்கள். அவர் கையெழுத்தும் இருக்கும்.

குடந்தைப் பேரன்:
எல்லோருக்கும் நன்றி. ஸ்கேன் செய்தே போடுகிறேன்.

பாட்டிலைக் கவிழ்த்தோம். ஐயா சொன்னது சரி, எல்லாம் அந்தப் பதின்மூன்றுதான். 1978-க்குப் பிறகும் நோட்டில் மட்டும் கடைசி வரை தும்பிக்கை போட்டே எழுதியிருக்கிறார். பத்திரிகைகளில் புது எழுத்து.

நேற்று ராத்திரி அப்பாவும் நானும் ஏழு நோட்டையும் பார்த்து முடித்தோம். கல்யாணத்தில் 41 இடத்தில் ‘௷ இல்லை’. கருமாதிப் பத்திரிகைக்கு ஏழு நோட்டிலும் ஒரு இடத்தில்கூட வரவு எழுதவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

காலையில் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். “இதையெல்லாம் எழுதி வேற வெச்சிருந்தாராக்கும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “மெஷினுக்கு எண்ணெய் வாங்க என் சுருக்குப்பையிலேர்ந்து எடுத்தாரே, அது எந்தப் பக்கத்துல இருக்குன்னு பாரு” என்றாள். தேடிக்கொண்டிருக்கிறேன்.