புதுப்பிப்பு: ரஸ்ட், சி பிளஸ் பிளஸ் கலந்த திட்டத்தின் லிங்கர் சிக்கல் தீர்ந்தது

வெள்ளவத்தை டியூஷன் பிள்ளைகளுக்கான தமிழ் எழுத்துப்பிழை திருத்தி உலாவியில் ஓட மறுக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். உள்ளே பழைய சி பிளஸ் பிளஸ் நூலகம், வெளியே ரஸ்ட் மொழியில் எழுதிய பகுதி; இரண்டையும் ஒரே நிரலாக இணைக்கும் கருவிதான் லிங்கர். இப்போது ஓடுகிறது!

முதல் சிக்கல் லேசானது. நான் பிடித்திருந்த வெறும் வெப்அசெம்பிளி (உலாவியில் ஓடும் நிரல் வடிவம்) டார்கெட்டில், அதாவது பில்டுக்கான இலக்குத் தளத்தில், சி பிளஸ் பிளஸ் அடிப்படை நூலகமே கிடையாது. இங்கே ஒரு அண்ணா சொன்னபடி அந்த நூலகத்தோடு வரும் எம்ஸ்கிரிப்டன் டார்கெட்டுக்கு மாறினேன், லிங்கர் தேடிக் காணாமல் போன சிம்பல்கள் (ஃபங்ஷன் பெயர்கள் போன்றவை) எல்லாம் வந்துவிட்டன.

அப்புறம்தான் உண்மையான தலையிடி. பில்ட் முடிகிறது, சொல்லைத் தேடியதும் 'அன்ரீச்சபிள்' (வரவே கூடாத இடத்துக்கு நிரல் வந்துவிட்டது) என்று உலாவி நின்றுவிடுகிறது. காரணம், சொல்லின் நீளம். சி பிளஸ் பிளஸ் பக்கம் அது சைஸ்_டி (தளத்துக்கேற்ப அளவு மாறும் எண் வகை), ரஸ்ட் அறிவிப்பில் யு64 (எப்போதும் 64 பிட்). 64 பிட் கணினியில் இரண்டும் ஒரே அளவு, அதனால் சத்தமில்லாமல் ஓடியது. 32 பிட் வெப்அசெம்பிளியில் சைஸ்_டி 32 பிட்தான். ஃபங்ஷனின் வகை ஒத்துப்போகாவிட்டால் லிங்கர் ஒரு எச்சரிக்கையை மட்டும் விட்டுவிட்டு, அழைத்தவுடன் நின்றுபோகும் போலி ஃபங்ஷனை அந்த இடத்தில் வைத்துவிடும். யு64ஐ, சைஸ்_டி போலவே அளவு மாறும் யுசைஸ் ஆக்கினேன், சரியாகிவிட்டது.

இந்த எச்சரிக்கையைப் பிழையாகவே நடத்தும்படி லிங்கருக்குச் சொல்லிவையுங்கள். 'ஃபேட்டல் வார்னிங்ஸ்' என்ற கொடி அதற்குத்தான். ரஸ்ட் கம்பைலர் லிங்கர் எச்சரிக்கைகளை எப்போதும் கண்ணில் காட்டுவதில்லை.

பதில் எழுதிய எல்லோருக்கும் மிக்க நன்றி. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் பார்த்துவிட்டேன், ஐபோன் சஃபாரி மட்டும் பாக்கி.