சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்த குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகள்

கேள்வி:
என் தந்தையார் சிறுவயதில் பெற்றோருடன் இலங்கை மலையகத்தின் அட்டனிலிருந்து நீலகிரியின் கூடலூருக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய அண்ணன் மட்டும் அங்கே தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) ஒரே உலைச்சோறு உண்ட குடும்பம் எப்படி இரு நாடுகளுக்குப் பங்கிடப்பட்டது? பிள்ளைகள் அதை எவ்வாறு தாங்கிக்கொண்டார்கள்? அப்பாவிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

மறுமொழி 1:
இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கையில் குடியுரிமையின்றி வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்களை, அவர்களைக் கலந்தாலோசிக்காமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு அரசுகளும் 1974-இல் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. சிறு பிள்ளைகள் பெற்றோரின் விண்ணப்பத்தில் அடங்கினர். வளர்ந்தவர்கள் தனியே விண்ணப்பித்தனர். தந்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டும் மகனுக்கு இலங்கைக் குடியுரிமையும் வாய்த்தது இப்படித்தான். உங்கள் பெரியப்பாவின் விண்ணப்பமும் தனியே போயிருக்கக்கூடும்.

மறுமொழி 2:
தம்பி, நான் பன்னிரண்டு வயதில் வந்தவள். இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி (அழுகை ரயில்) என்பார்கள். ஆனால் அந்த அழுகையைவிட, பிறகு வந்த கடிதங்களே என்னை அதிகம் வாட்டின. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அங்கேயே தங்கிவிட்ட அக்காள் அனுப்பும் நீல நிற ஏரோகிராமை மடியில் வைத்துக்கொண்டு, நான் பள்ளியிலிருந்து வரும்வரை அம்மா காத்திருப்பார். ஒருமுறை, பாட்டி இறந்துவிட்டார் என்ற வரி என் கண்ணில் முதலில் பட்டுவிட, அதை எப்படி வாய்விட்டுச் சொல்வதென்று தெரியாமல், மழை பெய்த செய்தியையே திரும்பத் திரும்பப் படித்தேன். பள்ளியில் எங்களைச் ‘சிலோன்காரர்’ என்றார்கள். ‘இந்தியாக்காரர்’ என்று சொல்லித்தான் அங்கிருந்து அனுப்பியிருந்தார்கள். உங்கள் அப்பாவும் கடிதம் படித்துக் காட்டிய பிள்ளையாக இருந்திருக்கலாம். பிரிந்த நாளைப் பற்றிக் கேட்காமல், யார் எழுதினார்கள், யார் படித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 3:
மேலே எழுதிய அக்காள் சொன்னதன் மறுபக்கம், இலங்கையிலேயே தங்கிவிட்ட எங்களுடையது. 1984-இல் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குப் போன கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியும் புறப்பட முடியாமல் போனவர்களில் என் தந்தையும் ஒருவர். அவருடைய தம்பிமார் முன்பே போய்விட்டிருந்தனர். பிறந்த மண்ணிலேயே நான் அடையாள அட்டை இல்லாத இளைஞனாக வளர்ந்தேன். எந்த வேலைக்குப் போனாலும் முதலில் கேட்டது அதைத்தான். இலங்கையின் 2003-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகே எனக்கு விடிவு பிறந்தது. பெரியப்பாவின் பிள்ளைகளையும் தேடிப் பேசுங்கள். அவர் எழுதியவை உங்கள் வீட்டிலும், உங்கள் தாத்தா சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை அவர்கள் வீட்டிலும் இருக்கலாம். கரையான் அரிப்பதற்குள் இரண்டையும் படமெடுத்து வையுங்கள்.